ஒற்றைக் கையெழுத்து போதுமா?

கேள்வி: இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். கணினி வகுப்பொன்றில் படிப்பிக்கிறேன். நான்கு வருடமாக இரவுகளில் எழுதிய அறிவியல் புனைகதைதான் என் முதல் நாவல். காலம் 2150. தேயிலை கண்ணாடிக் கூடாரத்துக்குள் வளர்கிறது. யாருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்பதைக் கொழுந்து நிறுக்கும் இயந்திரமே தீர்மானிக்கிறது. ஒருநாள் அது செத்துப்போனவர்களின் பெயர்களையும் கூப்பிடத் தொடங்குகிறது. கொழும்புப் பதிப்பாளர் ஒருவர் 300 பிரதிக்கு 180,000 ரூபாய் வாங்கினார். ஆங்கிலக் கடிதம் ஒன்றில் என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். 60 பிரதிதான் வந்தது. இப்போது சென்னைப் பதிப்பகம் ஒன்று நாவலைக் கேட்கிறது. ‘எல்லா உரிமையும் என்னிடம்’ என்கிறார் கொழும்புப் பதிப்பாளர். இதற்கிடையில் தெரிந்த ஒருவர் இதே கருவில் குறும்படம் எடுக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கு கிடக்கட்டும். முதலில் அந்தக் கடிதத்தைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் ‘நாவலின் எல்லா உரிமைகளும்’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து மட்டும். பதிப்பாளரின் பெயர் அச்சில் இருக்கிறது, அவர் கையெழுத்து இல்லை.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அதன் 16ஆம் பிரிவுப்படி, எழுத்தாளர் தன் பொருளாதார உரிமையை (அச்சிட, விற்க, மொழிபெயர்க்க உள்ள உரிமையை) கைமாற்றினால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரும் வாங்குபவரும் இருவருமே கையொப்பமிட வேண்டும். வெளிப்படையாகச் சொல்லாத உரிமை அதில் அடங்கியதாகக் கொள்ளவும் முடியாது. ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா, இந்தியப் பதிப்பு எதுவுமே அந்த வரியில் இல்லை. ஆகவே நாவல் உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்று பயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. 300 பிரதி அச்சிட நீங்கள் அனுமதித்தீர்கள் என்று அவர் வாதாடலாம். அதை மறுக்கவும் வேண்டாம். அந்த 300இல் மீதி 240 எங்கே என்பதுதான் நம்முடைய கேள்வி.

அதற்குக் கோரிக்கைக் கடிதம் ஒன்று போதும்: 14 நாளுக்குள் பிரதிகளைத் தர வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். வங்கிச் சிட்டையின் பிரதியை இணையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்கீழ் அதுவும் சாட்சியாகும். பணத் தகராறு என்பதால், இரு தரப்பையும் பேசவைத்துத் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கும் போகலாம், பெரிய செலவில்லை. புலமைச் சொத்து வழக்கு என்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் வரை அலைய வேண்டும். ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய், தவணை போட்டார்கள் என்று திரும்பி வந்த கட்சிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 60 பிரதி விற்ற காசு பஸ்ஸுக்கே போய்விடும். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

குறும்பட விஷயத்தில் உங்களுக்குப் பிடித்த பதில் என்னிடம் இல்லை. சட்டம் கருத்தைக் காக்காது, 8ஆம் பிரிவு அதை நேராகவே சொல்கிறது. இயந்திரம் செத்தவர்களைக் கூப்பிடுகிறது என்பது கருத்து, அதை யாரும் எடுக்கலாம். ஆனால் உங்கள் கதையில் பெரட்டுக் களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தில்) அந்த இயந்திரம் முதலில் எந்தப் பாட்டியின் பெயரைக் கூப்பிடுகிறது, யார் அழுகிறார்கள், அப்புறம் தராசு எப்படி நிற்கிறது என்ற வரிசையும் வசனமும் அவர் படத்தில் அப்படியே வந்தால் அது வேறு கதை. படம் வரும்வரை பொறுங்கள். இப்போதே பேசினால், நீங்கள் முகநூலில் எழுதும் கோபமே அவர் படத்துக்கு இலவச விளம்பரமாகிவிடும்.

பதிவுத் தபாலில் தனக்கே பிரதி அனுப்பினால் பதிப்புரிமை வரும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறக்கிறது. ஆயுட்காலம் முழுதும், அதன்பின் 70 வருடமும் நீடிக்கிறது. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தரும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் பதிவுச் சான்று இல்லை, புத்தகத்துக்கான அடையாள எண் மட்டுமே. உங்கள் கணினியிலுள்ள பழைய வரைவுகளும் அவற்றின் தேதிகளும்தான் நல்ல சாட்சி.

சென்னைக்காரர்களோடு ஒப்பந்தம் போடும்போது எத்தனை வருடம், எந்தெந்த நாடு, எந்தெந்த வடிவம் என்று எழுத வையுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்ற உரிமையை இலங்கைச் சட்டப்படி உயிரோடிருக்கும்வரை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. அதை விட்டுத்தரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கதையில் வரும் துரையின் (தோட்ட மேலாளரின்) பெயர் உண்மையான தோட்டத்துரையின் பெயராக இருந்தால் மாற்றுங்கள். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் சிவில் வழக்குப் போட வழி உண்டு. ‘யாவும் கற்பனையே’ என்ற வரி ஆளை அடையாளம் தெரிகிற இடத்தில் காப்பாற்றாது.

கடைசியாக, அந்தக் கடிதத்தின் அசல் உங்களிடம் இருந்தால் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அவர் அங்கே கையெழுத்துப் போட்டிருந்தால், மேலே சொன்னதில் பாதியை நான் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.