ஆள் குறைஞ்சா பங்கு கூடுமா?

கேள்வி: அக்கா, நாங்க தூத்தூர் பக்கம். வீட்டுக்காரர் கொச்சியில இருந்து போற தூண்டில் போட்டுல வேலை பாக்குறார், ஒரு ட்ரிப்பு போனா முப்பது நாளுக்கு மேல ஆகும். முன்னாடி 12 பேர் போவாங்க, இந்த சீசன்ல இருந்து ஓனர் 9 பேர் போதும்னுட்டார். கேட்டா "ஆள் கம்மின்னா உங்க பங்குதானே கூடுது"ங்கறார். இவருக்கு ராத்திரி ஸ்டியரிங், அதுவும் தனியா. போன ட்ரிப்புல கண்ணு அசந்து முழிச்சுப் பாத்தா பக்கத்துலயே கப்பல் வெளிச்சமாம், என்கிட்ட மட்டும் சொன்னார். வெளிய பேசினா வேலை போயிடும்னு பயப்படுறார். ஆள் பத்தலைன்னா உன் மகனை அனுப்புன்னு ஓனர் வேற சொல்றார், மகனுக்கு 17 வயசு. இதுக்கெல்லாம் சட்டம் ஒண்ணும் கிடையாதா?
- பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

தங்கச்சி, முதல்ல அந்தப் பங்குக் கணக்கைப் பாத்துடுவோம், ஏன்னா உங்க வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கறது அதனாலதான். டீசல், ஐஸ், இரை, ரேஷன் எல்லாம் கழிச்சு ஆளுங்க பங்குக்கு 3,60,000 ரூபா வருதுன்னு வச்சுக்கோங்க. 12 பேர்னா ஆளுக்கு 30,000, 9 பேர்னா 40,000. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலை குறையலையே, அதே கயிறு, அதே ஆயிரக்கணக்கான கொக்கி, அதே இரை கோக்கறது, அதே இழுப்பு. 12 பேர் ஆளுக்கு 12 மணி நேரம் பாத்தா மொத்தம் 144 மணி நேர வேலை, அதை 9 பேர் பாத்தா ஆளுக்கு 16 மணி நேரம். கூலியும் மூணுல ஒரு பங்கு கூடுது, வேலையும் மூணுல ஒரு பங்கு கூடுது, அப்ப ஓனர் உங்களுக்கு எதையும் கூட்டிக் கொடுக்கல, போகாத அந்த மூணு பேர் வேலையை அதே ரேட்டுல உங்க ஆளுங்க தலையில கட்டியிருக்கார், அவ்வளவுதான். அவருக்கு மூணு பேருக்குக் குடுக்க வேண்டிய அட்வான்ஸ் மிச்சம். உங்க வீட்டுக்காரருக்கு மிஞ்சுறது நாளைக்கு 8 மணி நேரம், அதுக்குள்ளதான் சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம்.

இப்ப சட்டம். ஐஎல்ஓன்னு சொல்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2007-ல மீன்பிடி வேலைக்குன்னே ஒரு உடன்படிக்கை போட்டாங்க, 188-ஆவது உடன்படிக்கை, 2017 நவம்பர்ல நடைமுறைக்கு வந்துச்சு. மூணு நாளுக்கு மேல கடல்ல தங்குற போட்டுன்னா, சின்னதோ பெருசோ, எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் ஆளுக்குக் குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு, எந்த 7 நாளை எடுத்தாலும் 77 மணி நேரம். புயல், ஆபத்து, பக்கத்து போட்டுக்கு உதவின்னா ஸ்ராங்கு, அதாவது போட்டை நடத்தற தலைவர், யாரையும் எப்ப வேணா எழுப்பலாம், ஆனா அது முடிஞ்சதும் அந்த ஓய்வைத் திருப்பிக் கொடுத்தாகணும். "நீங்க கூலிக்காரங்க இல்ல, பங்காளிங்க"ன்னு ஓனருங்க சொல்ற கதையும் அதுல எடுபடாது, பங்குக்கு வேலை பாக்கறவங்களையும் சேத்துத்தான் எழுதியிருக்காங்க. இந்த ட்ரிப்புல இத்தனை பேராவது இருக்கணும்னு எண்ணிக்கை குறிக்கற விதி மட்டும் 24 மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள போட்டுக்குத்தான், நம்ம தூண்டில் போட்டுங்க பெரும்பாலும் அதுக்குள்ள வராது. ஆனா பாதுகாப்பா ஓட்டற அளவுக்கு ஆள் வேணும்ங்கற பொது விதி எல்லா போட்டுக்கும் உண்டு.

கசப்பான விஷயத்தையும் சொல்லிடறேன், இந்தியா இதை இன்னும் ஏத்துக்கல. ஆசியாவுல தாய்லாந்து 2019-லயே ஏத்துக்கிச்சு. அதனால இந்த 10 மணி நேரத்தைக் காட்டி நீங்க இங்க கேஸ் போட முடியாது, பேச்சுவார்த்தையில ஒரு அளவுகோலா வேணா வைக்கலாம். ஆனா இன்னொரு விதி இந்தியாவையும் கட்டுப்படுத்துது. கப்பல் மோதலைத் தடுக்கற 1972 சர்வதேச விதிகள்ல 5-ஆவது விதி, எந்தக் கலமா இருந்தாலும் எந்நேரமும் கண்ணாலயும் காதாலயும் ஒருத்தர் காவல் பாத்துட்டே இருக்கணும். இன்ஜினை நிறுத்திட்டு மிதந்துட்டு இருக்கும்போதும்தான். 9 பேரும் அசந்து தூங்கற போட்டு அந்த விதியை மீறிட்டுத்தான் நிக்குது.

இது ஏட்டுச் சட்டம்னு நினைக்காதீங்க. 2017 ஜூன்ல கொச்சிக்கு வெளிய கார்மல் மாதா போட்டை ஆம்பர் எல் கப்பல் இடிச்சது, 2018 ஆகஸ்ட்ல முனம்பத்துல இருந்து போன ஓஷானிக் போட்டை ஒரு கப்பல் இடிச்சது, 2021 ஏப்ரல்ல மங்களூருக்கு வெளிய பேப்பூர் போட்டு ரபாவை இன்னொரு கப்பல் இடிச்சது. மூணுமே நடுராத்திரி தாண்டி விடியறதுக்கு முன்னாடி நடந்தது, ஓஷானிக்ல போனவங்கள்ல முக்கால்வாசி உங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்கன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. கப்பல்காரன் தப்பை நான் மூடி மறைக்கல, அவ்வளவு பெரிய கப்பல்ல ரேடாரும் ஆளும் வச்சுட்டு போட்டைப் பாக்காம வர்றவனுக்கு என்ன சாக்கு. ஆனா அவன் பாக்காத ராத்திரியில நம்ம பக்கம் ஒருத்தன் முழிச்சிருந்தா இன்ஜினைத் தட்டிவிட்டு விலகவாவது ஒரு சான்ஸ் இருக்கு.

கண்ணு அசர்றது உங்க வீட்டுக்காரர் சோம்பேறித்தனம் இல்ல, அதை அவர்கிட்ட நீங்க கண்டிப்பா சொல்லுங்க. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா கையும் கண்ணும் ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்கறவன் மாதிரி தடுமாறும்னு 1997-லயே ஆராய்ச்சி பண்ணிக் காட்டிட்டாங்க. நம்ம நாட்டுல ரோட்டுல 0.03-ஐத் தாண்டினாலே போலீஸ் கேஸ் போடும். பகல் பூரா கயிறு இழுத்துட்டு ராத்திரி 2 மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கறவர் குடிக்காமலே அந்த நிலையிலதான் இருக்கார். டீயும் புகையிலையும் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

என்ன செய்யலாம்னா, முதல்ல ஓனர்கிட்ட போகாதீங்க, ஸ்ராங்குகிட்ட பேசச் சொல்லுங்க. அவரும் அதே போட்டுலதான் தூங்கறார். ராத்திரி வீல் ஹவுஸ்ல ரெண்டு பேர், மூணு மூணு மணி நேரம் முறை மாத்தி, கயிறு இழுத்து முடிச்ச கையோட யாரும் ஸ்டியரிங்ல உக்காரக் கூடாது, அந்த ஆள் முதல்ல போய்ப் படுக்கணும். இதுக்கு ஓனர் பர்மிஷன் வேணாம், ஒரு பைசா செலவும் கிடையாது, இழுப்பு கொஞ்சம் லேட்டாகும், ஆகட்டும். போன்ல 10 நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வச்சு, அதைக் கைக்கு எட்டாத இடத்துல, எழுந்து போய்த்தான் நிறுத்தணும்ங்கற மாதிரி வைக்கச் சொல்லுங்க. தூண்டில் கடல்ல கிடக்கும்போது மேல சிவப்பு கீழ வெள்ளை விளக்கு எரியுதா, ஏஐஎஸ் (நம்ம போட்டு எங்க இருக்குன்னு மத்த கப்பல்களுக்குக் காட்டற கருவி) இருந்தா ஆன்ல இருக்கான்னு காவல் மாறும்போதெல்லாம் பாக்கணும். மீன் ஏலம் எடுக்கறவனும் பக்கத்து போட்டுக்காரனும் நம்ம இடத்தைப் பாத்துடுவான்னு ஏஐஎஸ்ஸை ஆஃப் பண்ணி வைக்கற புத்திசாலிங்க இருக்காங்க, அவங்களைக் கப்பலும் பாக்காது.

ஆள் எண்ணிக்கைக்கு வருவோம். 12 பேர் கேட்டா ஓனர் உடனே முடியாதும்பார், 11 கேளுங்க. அதே 144 மணி நேரத்தை 11 பேர் பிரிச்சா ஆளுக்கு 13 மணி நேரம் சொச்சம், ஓய்வு 11 மணி நேரத்துக்குக் கிட்ட வந்துடும். வாரத்துக்கு 77ங்கற கணக்குல அரை மணி நேரம் போல இடிக்கும், அது தொழில் இல்லாம ஓடற நாள்ல சரியாயிடும். 10 பேர்னா 10 மணி நேரம் நிரம்பாது. பங்கு 40,000-ல இருந்து 32,700-க்கு இறங்கும், ஏழாயிரத்து சொச்சம் போகும், இதை வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்து பேசி மனசை ஒத்துக்க வச்சுட்டுத்தான் மத்தவங்ககிட்ட பேசணும், பாதியில காசு கம்மியாச்சுன்னு பின்வாங்கினா அடுத்த தடவை யாரும் கூட நிக்க மாட்டாங்க.

எப்ப பேசறதுங்கறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். மேற்குக் கடல்ல ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம், அடுத்த சீசனுக்கு ஆள் பிடிக்கறதும் அட்வான்ஸ் குடுக்கறதும் அப்பதான். அட்வான்ஸ் கையில வாங்கிட்டா அப்புறம் வாயைத் திறக்க முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி, தனியா இல்லாம, அந்த 9 பேர் வீட்டுப் பொம்பளைங்களும் சேந்து பேசுங்க, ஆம்பளைங்க வேலை போயிடும்னு பயப்படற இடத்துல நீங்க கேக்கலாம், உங்களை யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது. ஊர்ல சர்ச் பங்குப் பேரவையில ஒரு நல்ல ஆள் இருந்தா அவரையும் உக்கார வைங்க. நல்ல ஸ்ராங்கும் பழகின ஆளுங்களும் கிடைக்கறது ஓனருக்கும் லேசு இல்ல, அது அவருக்கே தெரியும்.

மகன் விஷயத்துல எனக்கு யோசனையே இல்ல, வேணாம். அதே உடன்படிக்கையில 18 வயசு முடியாதவங்களுக்கு ராத்திரி வேலை தரக்கூடாதுன்னு இருக்கு, அந்தத் தூண்டில் போட்டுல வேலையே முக்கால்வாசி ராத்திரிதான். அவனை ஏத்தினா ஓனர் நோட்டுல 10 பேர்னு எழுதிக்குவார், ராத்திரி காவலுக்கு அதே 9 பேர்தான் இருப்பாங்க, அப்பாவுக்கு மகனையும் பாத்துக்கற வேலை ஒண்ணு கூடும்.