மன்னிப்புக் கடிதம் எழுதும் முன்

பள்ளிக்கூடமும் சட்டமும் பகுதியில், ஊட்டி நீதிமன்றத்தில் குழந்தைகள் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறார்கள். பேரன் எட்டாம் வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் இவனுடைய டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டு, சட்டையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். இவன் திருப்பி அடித்ததில் அவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. 45 நாள் ‘டி.ஏ.ஈ.பி.’ என்ற வேறொரு பள்ளிக்கு அனுப்பப் போகிறார்களாம். அது ஜெயிலா? பையனை இங்கே கூட்டிவந்து ஊட்டியில் சேர்த்துவிடலாமா? மருமகன் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். பையனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அதிகமான குறைபாடு) இருப்பதாக ஒரு டாக்டர் முன்பே சொன்னார். பெயர் கெட்டுவிடும் என்று பள்ளிக்குச் சொல்லவில்லை.
பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: ஐயா, உங்கள் கடிதம் வந்த அன்றே உங்களோடும் மகளோடும் போனில் பேசிவிட்டேன். அங்கே நாள் கணக்கு ஓடுகிறது, பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது. இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக. நான் டெக்சாஸில் வாதாட முடியாது. அந்த மாநிலக் கல்விச் சட்டத்தின் 37-ஆம் அத்தியாயத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் மருமகன் கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன். நம் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். பெரியவர் முன்னால் போய் நின்றதும், ‘தப்புதான் சார், இனிமேல் நடக்காது, இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க’ என்று ஆரம்பித்துவிடுவோம். நம் ஊர் ஹெச்.எம். அறையில் சில சமயம் அது எடுபடும். அங்கே அது பையனின் ஃபைலில் ஒப்புதல் வாக்குமூலமாகப் போய் உட்காரும். ‘என் மகன் அடித்தது மிகப் பெரிய தவறு’ என்று அப்பாவே எழுதிக் கொடுத்த பிறகு, அவன் ஏன் அடித்தான் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த ‘ஏன்’தான் உங்கள் பேரன் விஷயத்தில் எல்லாமே. டெக்சாஸ் சட்டப்படி, பள்ளியில் ஒருவரைக் காயப்படுத்தி அடித்தால் டி.ஏ.ஈ.பி.க்கு, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான மாற்றுப் பள்ளிக்கு, அனுப்புவது கட்டாயம். காயம் என்றால் எலும்பு முறிய வேண்டியதில்லை, உடல் வலியே போதும். ‘கட்டாயம்’ என்று பிரின்சிபால் சொன்னதும் பெற்றோர் வாயடைத்துப் போகிறார்கள். ஆனால் அதே அத்தியாயத்தில், 37.001 பிரிவில், இன்னொன்றும் இருக்கிறது. தண்டனை கட்டாயமானதாக இருந்தாலும் சரி, பள்ளியின் விருப்பத்துக்கு விட்டதாக இருந்தாலும் சரி, முடிவெடுக்கும்போது தற்காப்பு, உள்நோக்கம் இருந்ததா இல்லையா, பையனின் பழைய ஒழுங்குப் பதிவு, தவறை உணரும் திறனைப் பாதிக்கும் குறைபாடு ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளியின் ஒழுங்கு விதிப் புத்தகத்திலேயே இது அச்சாகியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

எங்கே போவது? வகுப்பிலிருந்து நீக்கிய மூன்று பள்ளி நாட்களுக்குள் ஒரு கூட்டம் நடத்தவேண்டும் என்கிறது 37.009 பிரிவு. பெற்றோரும் பையனும் உட்காரலாம். என்ன குற்றச்சாட்டு, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைப் பள்ளி சொல்ல வேண்டும். பையனுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நிறையப் பேர் இதை ஒரு சடங்கு என்று நினைத்துப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-ல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கலாட்டா. லோபஸ் என்ற மாணவனையும் இன்னும் குறைந்தது 75 பேரையும் ஒரே நாளில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன் என்றான் அவன். கேட்க ஆளில்லை. பத்து நாள் சஸ்பென்ஷன் என்றாலும் குற்றச்சாட்டைச் சொல், ஆதாரத்தை விளக்கு, அவன் பக்கத்தைக் கேள் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் 1997-ல், டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சான் மார்க்கோஸ் ஊர்ப் பள்ளி வழக்கில் வேறு மாதிரி சொல்லிவிட்டது: மாற்றுப் பள்ளிக்கு அனுப்புவது கல்வியைப் பறிப்பதாகாது, பள்ளியை மாற்றுவதுதான், ஆகவே அரசியலமைப்பின் பெயரால் விசாரணை கேட்க முடியாது. பள்ளி வாரியத்திடம் முறையிட்டாலும் அங்கே சொல்வதே முடிவு, அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆக, அந்த முதல் மேஜைதான் உங்கள் கோர்ட்.

அந்த மேஜைக்கு என்ன கொண்டுபோவது? ‘நல்ல பையன், நன்றாகப் படிப்பான், கணக்கில் முதல் மார்க்’ என்பதெல்லாம் கடைசியில். முதலில் நடந்தது நடந்த வரிசையில், பையன் வாயாலேயே. டிபன் பாக்ஸ் கீழே விழுந்தது, சட்டையைப் பிடித்தான், தள்ளினான், பிறகுதான் கை ஓங்கியது. பொய் கலக்காமல், இரண்டு அடி அடித்திருந்தால் இரண்டு என்றே சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் கேமரா இருந்தால் அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யார், அவர்களிடம் பள்ளி வாக்குமூலம் வாங்கியதா என்று கேட்க வேண்டும். உதடு கிழிந்த பையனிடம் உங்கள் பேரன் வருத்தம் தெரிவிக்கட்டும், அதில் தப்பில்லை. பள்ளிக்குக் கொடுக்கும் காகிதத்தில் மட்டும் நடந்தது முழுசாக இருக்கட்டும்.

இன்னொன்று. 60 நாளுக்கு மேல் போனாலோ, அடுத்த மதிப்பெண் காலம் (ஒரு மதிப்பெண் அட்டைக்கான காலப்பகுதி) முடிந்த பிறகும் தொடர்ந்தாலோ, எது முந்துகிறதோ அதை வைத்து, வாரியத்தின் முன்போ அது நியமித்தவர் முன்போ தனி விசாரணைக்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. 45 நாள்தானே என்று விடாமல், பள்ளி காலண்டரை விரித்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ.டி.எச்.டி. விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. குறைபாடுள்ள பிள்ளை என்று பள்ளியில் பதிவாகியிருந்தால், இடமாற்ற முடிவெடுத்த பத்துப் பள்ளி நாளுக்குள் அந்த நடத்தை குறைபாட்டால் வந்ததா என்று ஒரு குழு கூடிப் பார்க்க வேண்டும். ஆமாம் என்றால், ஆயுதம், போதைப்பொருள், படுகாயம் போன்றவை தவிர, பிள்ளை பழைய இடத்துக்கே திரும்புவான். இது டெக்சாஸ் சட்டம் இல்லை, அமெரிக்கா முழுவதற்குமான சட்டம். பள்ளிக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பெயர் கெட்டுவிடும் என்று பொத்திவைத்த ரிப்போர்ட்தான் இன்று அவனைக் காப்பாற்றியிருக்கும். இப்போதும் வழி இருக்கிறது: மதிப்பீடு செய்யுங்கள் என்று எழுத்தில் கேட்டால், தண்டனைக் காலத்தில் அதை விரைவாகச் செய்ய வேண்டும்.

அது ஜெயில் இல்லை, ஐயா. ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு நடத்த வேண்டும், கவுன்சலிங்கும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் பழைய பள்ளியின் விளையாட்டு, விழா எதிலும் தலைகாட்ட முடியாது. பையனுக்கு அதுதான் சுடும். கூட்டிவந்து ஊட்டியில் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பையன் விலகிப் போனாலும் பள்ளி விசாரணையை முடித்து உத்தரவு போட்டுவிடலாம். திரும்பிப் போய் வேறு ஊர்ப் பள்ளியில் சேர்ந்தால் அந்தப் பள்ளி மிச்ச நாட்களைத் தொடரச் சொல்லலாம். ஓடி வந்து பயனில்லை. விசா பற்றி மகள் கேட்டார். டி.ஏ.ஈ.பி. உத்தரவு குற்றத் தீர்ப்பு அல்ல. போலீஸ் உள்ளே வந்தால் மட்டும், வக்கீல் இல்லாமல் பையன் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: குன்னூரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். என் மகன் எட்டாவது, தனியார் பள்ளி. பையில் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம்) இருந்ததாகப் பிடித்தார்கள். ‘சொந்தக் காரணத்தால் டி.சி. கேட்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் டி.சி.யில் நடத்தை சரியில்லை என்று போடுவோம்’ என்கிறார்கள். நாளைக்குள் கொடுக்கணுமாம். என்ன செய்வது அக்கா?
ஒரு தாய், குன்னூர்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. அங்கே மன்னிப்புக் கடிதம், இங்கே ‘சொந்தக் காரணம்’. இரண்டும் ஒரே குழி. பள்ளி உங்கள் மகனை நீக்கினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், கேள்வி வரும். நீங்களே கேட்டு வாங்கிப் போனதாகக் காகிதம் இருந்தால் கேள்வியே கிடையாது. எனக்கு வரும் வழக்குகளில் பாதி இந்தக் காகிதத்தோடுதான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் பள்ளியே டைப் அடித்து வைத்தது, கீழே அம்மாவின் கையெழுத்து மட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, 16-ஆம் பிரிவு: எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் ஐந்தாவதிலும் எட்டாவதிலும் ஃபெயில் போட வழி வந்தது. வெளியேற்ற வழி வரவில்லை. உங்கள் மகன் எட்டாவது.

ஆனால் நம் மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே கான்வென்ட்டுகள் அதிகம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2025-ல் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பின் மேல் சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வுக்கு அனுப்பப் பரிந்துரைத்தது. ஆகவே பள்ளி சிறுபான்மை அந்தஸ்து பெற்றதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றிருந்தாலும், விசாரிக்காமல் அனுப்பிவிடலாம் என்று ஆகிவிடாது. அங்கே வாதம் நீளும், அவ்வளவுதான்.

நாளை காலை ஒரே ஒரு கடிதம் எடுத்துப் போங்கள். என் மகன் மேல் என்ன புகார், யார் பார்த்தது, எந்த விதியின் கீழ் நடவடிக்கை என்று எழுத்தில் கேளுங்கள். நான் டி.சி. கேட்கவில்லை என்பதையும் எழுதுங்கள். நகலில் சீல் போட்டு வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொட்டலம் பையில் எப்படி வந்தது என்று மகனிடம் வீட்டில் தனியாகக் கேளுங்கள், அடிக்காமல். போட்டிருந்தான் என்றால் அதை நிறுத்துவது உங்கள் வேலை, டாக்டரின் வேலை. அதற்காகப் பள்ளியை இழக்க வேண்டியதில்லை.

14417-க்குப் போன் போட்டால் பள்ளிக் கல்வித் துறை எடுக்கும். ஊட்டியில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண். கடையை மூடிவிட்டு ஊட்டிக்கு வர முடியாவிட்டால் குன்னூர் நீதிமன்றத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். பீஸ் பாக்கி இருக்கிறது என்று இதோடு முடிச்சுப் போட்டால் பயப்படாதீர்கள். டி.சி. பீஸ் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-லேயே சொல்லிவிட்டது.

ஒன்பதாவதிலிருந்து 16-ஆம் பிரிவு உதவாது, வழக்குத்தான் போட வேண்டியிருக்கும். பக்கத்துக் கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்று 1985-ல் மூன்று பிள்ளைகளை வெளியேற்றினார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது 1986 ஆகஸ்டில். ஜெயித்தார்கள், ஆனால் ஒரு வருடம் போய்விட்டது. அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே என்னிடம் வாருங்கள் என்கிறேன்.

கேள்வி: நீங்கள் எப்போதும் தப்பு செய்த பையனுக்கே வக்கீல். வகுப்பில் மீதி நாற்பது பிள்ளைகளுக்கு யார் வக்கீல்? ஆசிரியருக்கு யார்?
அரசுப் பள்ளி ஆசிரியர், கூடலூர்

பதில்: கோபம் நியாயம்தான், சார். டெக்சாஸ் 1995-ல் இந்த மாற்றுப் பள்ளிகளைக் கொண்டுவந்ததே இந்தக் கோபத்தால்தான். ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை, ஆனாலும் நீக்கிய பையன் எங்கே உட்காருவான் என்பதற்கு அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. நம்மிடம் டி.சி. மட்டும்தான். நீங்கள் அனுப்பியவன் பக்கத்துப் பள்ளிக்குப் போவான், பக்கத்துப் பள்ளி அனுப்பியவன் உங்களிடம் வருவான்.

அடிபட்ட பையனுக்கும் உங்களுக்கும் உதவுவது நீங்கள் எழுதும் அறிக்கைதான். கோர்ட்டில் நான் பார்க்கும் ஆசிரியர் அறிக்கைகளில் பெரும்பாலானவை ‘தொடர்ந்து ஒழுங்கீனமாக நடந்துகொள்கிறான்’ என்ற ஒரு வரி. அது யாருக்கும் உதவாது. எந்தத் தேதி, எந்தப் பீரியட், நீங்கள் கண்ணால் பார்த்தது எது, மற்றவர் சொல்லிக் கேட்டது எது என்று தனித்தனியாக எழுதுங்கள். பையன் சொன்ன பதிலை அவன் சொன்ன வார்த்தையிலேயே சேருங்கள். அப்படி எழுதிய அறிக்கையை உடைப்பது எனக்கே கஷ்டம். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச அழைத்தால் வருகிறேன். சனிக்கிழமையாக வையுங்கள், மற்ற நாளில் கோர்ட் உண்டு.