டீசல் காரின் மஞ்சள் விளக்கு, சேர்மாதேவி ஸ்கூட்டர், பார்க்காத வண்டிக்குப் புகைச் சான்று

கேள்வி: அண்ணாச்சி, ஓய்வு பெற்று பாளையங்கோட்டையில் இருக்கிறேன். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, சாயங்காலம் மார்க்கெட், எப்போதாவது ஜங்ஷன், இவ்வளவுதான் ஓட்டம். செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை மாசு விதிப்படி செய்த) டீசல் கார் விலைக்கு வந்திருக்கிறது. பிஎஸ்-6 என்றால் புகையே வராது என்கிறார் புரோக்கர். ஆனால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. கேட்டால், "டிபிஎஃப் அடைத்திருக்கு, உள்ளே உள்ளதைக் காலி பண்ணிவிட்டால் சரியாப் போயிரும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கார் நல்ல காராகவே இருக்கலாம், உங்கள் ஓட்டத்துக்கு அது ஒத்துவராது.

டிபிஎஃப் என்பது புகைபோக்கும் குழாயின் வழியில் உட்கார்ந்து, டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. தேன்கூடு மாதிரி பொடிப்பொடி அறைகள் கொண்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வந்தபோது டீசல் கார்களுக்கு இது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. கரி நிறைந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி, கரியை எரித்துத் தள்ளும். இதற்கு வண்டி பதினைந்து, இருபது நிமிடம் நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். முருகன்குறிச்சியிலிருந்து மார்க்கெட்டுக்குப் போய் நிறுத்துகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. கரி சேர்ந்துகொண்டே போகும், மஞ்சள் விளக்கு எரியும், அப்புறம் வண்டி இழுக்காது. புது வடிகட்டி மாற்றினால் செலவு பெரிது. வாரம் ஒருமுறை நான்குவழிச் சாலையில் கோவில்பட்டியோ நாகர்கோவிலோ போய்வருகிறவருக்கு இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. அதே கார்தான், ஓட்டம் வேறு.

'காலி பண்ணுவது' என்று புரோக்கர் சொல்வது, வடிகட்டியை உடைத்தெடுத்து, விளக்கு எரியாதபடி கம்ப்யூட்டரிலும் கைவைப்பது. அதற்குப் பிறகு அது பிஎஸ்-6 என்ற பெயரில் ஓடும் பழைய டீசல் வண்டிதான். மாசு விதியை மீறிய வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்தக் கரித்துகள் மூக்கு முடியில் நிற்காது, நுரையீரலின் அடி வரை போகும். பள்ளி வாசலில் வண்டியை ஆஃப் பண்ணாமல் காத்திருக்கும்போது சைலன்சர் உயரத்துக்குப் பக்கத்தில் மூச்சு விடுவது பிள்ளைகள்தான்.

டீசல் கார்தான் வாங்குவேன் என்று இருப்பவர்களுக்கு இரண்டு சோதனை சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, சைலன்சர் வாயின் உள்பக்கம் ஒரு துடை துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் காரில் துணி பெரிதாகக் கறுக்காது. அடுப்புக்கரி மாதிரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி உடைந்திருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். அடுத்து எஞ்சின் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்று, டீசல் வாடையும் அடித்தால், எரித்துத் தள்ளும் வேலை பாதிபாதியில் நின்று, தெளித்த டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்களுக்குச் சின்ன பெட்ரோல் கார் போதும். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் பேத்தியோடு நடந்தே போகலாம் என்றும் சொல்வேன், ஆனால் சித்திரை வெயிலில் அதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

கேள்வி: சேர்மாதேவியிலிருந்து திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறேன், போக வர 40 கிலோமீட்டர். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க ஆசை. "கரண்டும் கரியை எரித்துத்தானே வருது, இதில் என்ன சுற்றுச்சூழல்?" என்று கடையில் கூட இருக்கிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள்.

பதில்: கேலியில் பாதி உண்மை இருக்கிறது. ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதையும் கூடங்குளத்தையும் காட்டி, நம்மூர் கரண்ட் சுத்தம் என்று சிலர் சொல்வார்கள். மின்கட்டமைப்பு நாடு முழுக்க ஒன்றுதான், உங்கள் பிளக்கில் வருவது காற்றாலைக் கரண்டா அனல்மின் கரண்டா என்று பிரிக்க முடியாது. அதனால் நாட்டுச் சராசரியையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 44 லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, ஆக 100 கிலோ. எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்குச் சுமார் 60 யூனிட். இந்திய மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ என்றால் 42 கிலோ. கம்பியில் வீணாவதைச் சேர்த்தாலும் 50 பக்கம்தான். கரியிலிருந்தே பெரும்பகுதி வந்தும் பாதியாகக் குறைகிறது. ஈரடுக்கு மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது உங்கள் வண்டியிலிருந்து புகையே வராது என்பது தனி. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்குச் சுமார் 4,400 ரூபாய் போகும் இடத்தில், கரண்டுக்குச் சில நூறு ரூபாய். ஒன்றே ஒன்று: வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறிவிடும். ஏற்கெனவே 450 ஓடுகிற வீடென்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.

பேட்டரி செய்யும்போதே நிறையக் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. நிறைய ஓடினால்தான் அது ஈடாகும். உங்கள் 40 கிலோமீட்டருக்குத் தாராளமாக வாங்கலாம். தெருமுனைக் கடைக்கு மட்டும் போகிறவர் நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டு இதை வாங்குவதில் பெரிய புண்ணியமில்லை.

வாங்கும்போது கம்பெனி சொல்லும் ஓட்டத்தில் கால்வாசியைக் கழித்துவிட்டு யோசியுங்கள். பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று விற்கிற வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடவேண்டியவை, சேர்மாதேவி ரோட்டுக்கு அவை சரிப்படாது. 'லாக்கை எடுத்து வேகம் ஏற்றித் தர்றோம்' என்றால் அந்தக் கடைக்கே போகாதீர்கள்.

கேள்வி: என்னுடையது 2012 மாடல் பைக், சங்கரன்கோவிலில் ஓட்டுகிறேன். வண்டியைக் கொண்டுபோகாமலே புகைச் சான்று வாங்கித் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வண்டியைச் சோதிக்காத சான்று போலிதான், காசு கொடுத்து வம்பை வாங்காதீர்கள். நேரில் போய் எடுங்கள். உங்கள் மாடல் பிஎஸ்-4க்கு முந்தையது, சான்று 6 மாதம்தான் செல்லும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். தாளில் எண்ணைப் பாருங்கள். வரம்பை ஒட்டி நின்றால் ஏர் ஃபில்டர், பிளக், கார்புரேட்டர் மூன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, ரிங் தேய்ந்திருக்கும், அது செலவு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை வள்ளியூரில் வாங்கினேன். மைலேஜ் கூடும், புகை குறையும் என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள்.

பதில்: நடக்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது, உருப்படியாகத் தேறியவை மிகச் சொற்பம். டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே அதைவிடப் பலன் உண்டு. பில்லையும், மைலேஜ் கூடும் என்று அச்சிட்ட அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.