ஆள் வருவதற்கு முன்னால் காகிதம்

கேள்வி: ஜெர்சி சிட்டியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறிய புரோக்கர்-டீலர் (பங்குகளை வாங்கி விற்கும் தரகு) நிறுவனம் எங்களுடையது. அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு. முதலாளிக்குத் தெரிந்த ஒருவரை விற்பனைப் பிரிவில் சேர்க்க நினைக்கிறோம். முன்பு வேலை பார்த்த கடையில் பணம் கையாடியதாக வழக்கு. நியூயார்க் நீதிமன்றத்தில் 2018 மார்ச்சில் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம், செய்த குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறை இல்லை, ப்ரொபேஷனோடு (நன்னடத்தைக் கண்காணிப்போடு) முடிந்தது. "ஏழு வருஷம் தாண்டிவிட்டதே, பிரச்சினை இல்லை" என்கிறார் வங்கியில் இருக்கும் நண்பர். அனுமதி வரும்வரை அவரை ஃபைல் அடுக்கும் வேலையில் வைத்துக்கொள்ளலாமா? என்னென்ன படிவங்கள் வேண்டும்?

பதில்: நண்பர் சொன்ன ஏழு வருஷம் பொய்யில்லை. ஆனால் அது பக்கத்து வீட்டுக் கணக்கு. 2022 டிசம்பரில் வந்த சட்டத்திருத்தம் வங்கி வேலைக்கான தடையைப் பல குற்றங்களுக்குத் தளர்த்தியது. குற்றம் நடந்து ஏழு வருஷம் ஆனால் போதும் என்பது அங்கே. நீங்கள் இருப்பது பங்குச்சந்தை வீட்டில். இங்கே 1934ஆம் ஆண்டின் செக்யூரிட்டீஸ் எக்ஸ்சேஞ்ச் சட்டம்தான் பேசும். அதன்படி எந்த ஃபெலனியாக இருந்தாலும் தீர்ப்பான நாளிலிருந்து பத்து வருஷத்துக்கு ஆள் 'சட்டப்படித் தகுதியிழந்தவர்'. திருட்டுதான் என்றில்லை. நியூயார்க்கில் பத்து வருஷத்துக்குள் இரண்டாம் முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அதுவே ஃபெலனி ஆகிவிடும். ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கு வந்தால் அது வெறும் போக்குவரத்துக் குற்றம். மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம், என்றால் திருட்டு, போலிக் கையெழுத்து, லஞ்சம், பொய்ச் சத்தியம் மாதிரி குறிப்பிட்ட வகைகள் மட்டும்தான் சேரும்.

ஆக, உங்கள் ஆளுக்கு 2028 மார்ச் வரை தடை உண்டு. அதற்காக வேலைக்கே எடுக்கக்கூடாது என்பதில்லை. அனுமதி கேட்டு எடுக்கலாம். கேட்க வேண்டியது அவரல்ல, உங்கள் நிறுவனம்.

படிவத்தின் பெயர் எம்சி-400. நிறுவனமே தகுதியிழந்திருந்தால் எம்சி-400ஏ. அது உங்களுக்கு வேண்டாம். புரோக்கர்-டீலர்களை மேற்பார்வையிடும் அமைப்பான ஃபின்ராவுக்குப் போகும் இந்த விண்ணப்பத்தில் அவருடைய வழக்கு ஆவணங்கள், கொடுக்கப்போகும் வேலை, சம்பளம் எப்படி, எந்த அலுவலகம் என்பதெல்லாம் கேட்பார்கள். இதையெல்லாம் ஒரு வாரத்தில் திரட்டிவிடலாம். நீதிமன்றத்திலிருந்து சான்றளித்த நகல் வாங்குவதுதான் கொஞ்சம் இழுக்கும்.

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் வேறு இடத்தில்: அவரை யார், எப்படிக் கண்காணிக்கப் போகிறார்கள் என்ற திட்டம். பலர் இதைக் கடைசி நாளில் ஒரு பக்கம் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். "மேலாளர் தொடர்ந்து கண்காணிப்பார்" என்ற ஒற்றை வரியோடு போன ஒரு விண்ணப்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேலாளர் உட்கார்ந்திருந்தது வேறு மாநிலத்தில். அது எப்படி முடிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல திட்டம் பெயரோடு தொடங்கும். இன்னார் கண்காணிப்பாளர், அதே அலுவலகத்தில் இருப்பார். புதியவர் போடும் ஆர்டர்களை அவர் அன்றன்றே பார்த்துக் கையெழுத்திடுவார். மின்னஞ்சலும் வரும் கடிதங்களும் அவர் கண்ணில் படாமல் போகாது. புதியவர் வாடிக்கையாளரைக் கேட்காமல் தன் விருப்பப்படி வாங்கி விற்கும் கணக்குகள் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். வேறு யாரையும் மேற்பார்வை செய்ய மாட்டார். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் விசாரிப்பது யார் என்று எழுதியிருக்கும். இதற்கெல்லாம் தனி ஃபைல் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திட்டப்படி எல்லாம் நடந்தது என்று கண்காணிப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர் அந்த ஃபைலை எடுத்துத் தேதிகளைத்தான் பார்ப்பார். மூன்று மாதக் கையெழுத்தும் ஒரே நாளில், ஒரே பேனாவில் போட்டதாகத் தெரிந்தால் அவ்வளவுதான்.

கண்காணிப்பாளரின் சொந்தப் பதிவேடும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆள் முதலாளிக்குப் பழக்கம் என்கிறீர்கள். அப்படியானால் முதலாளியையே கண்காணிப்பாளராகப் போடாதீர்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் வேறு தகுதியானவர் கிடைப்பது கஷ்டம்தான், தெரியும். இருந்தாலும் நட்புக்காகக் கண்ணை மூடிக்கொள்வாரோ என்ற சந்தேகம் ஃபின்ராவுக்கு முதலிலேயே வரும்.

சரி, ஃபைல் அடுக்கும் வேலை? கூடாது. ஃபின்ராவின் 8311ஆம் விதி, தகுதியிழந்தவரை அந்த நிலைக்கு ஒவ்வாத எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்கிறது. எழுத்தர் வேலையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. முழுக்க எழுத்தர் வேலைதான் என்றால் எழுத்துமூலம் கேட்டு அனுமதி வாங்கக் குறுக்கு வழி ஒன்று உண்டு. ஆனால் அதுவும் அனுமதிதான். வாங்கிய பிறகுதான் ஆள் உள்ளே வரலாம். எழுத்தர் என்று அனுமதி வாங்கிவிட்டு மறுவாரம் வாடிக்கையாளரிடம் போனில் பேச விட்டால், பிறகு கேட்கப்போகும் பெரிய அனுமதியையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வீர்கள். "ஆலோசகர்" என்று பெயர் வைத்துத் தனியாகச் செக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் நடுவில் தகுதியிழந்தால் கதை வேறு. அவருடைய யு-4 பதிவை (வேலையில் சேரும்போது பதிவுக்காகக் கொடுக்கும் படிவம்) பத்து நாளுக்குள் திருத்த வேண்டும். 4530ஆம் விதிப்படி முப்பது நாளுக்குள் ஃபின்ராவுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் எம்சி-400 போட வேண்டும், அல்லது ஆளை அனுப்பிவிட்டு முப்பது நாளுக்குள் யு-5 (ஆள் விலகியதைத் தெரிவிக்கும் படிவம்) போட வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, இடைக்காலக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் அவர் வேலையைத் தொடரலாம். புதிதாக வருபவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

யு-4 பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தடைக்குத்தான் பத்து வருஷக் கணக்கு. யு-4 படிவத்தின் 14ஆம் கேள்வி "எப்போதாவது" ஃபெலனி உண்டா என்று கேட்கிறது. பழைய கதைதானே என்று வேண்டுமென்றே 'இல்லை' போட்டால் அந்தப் பொய்யே புதிய தகுதியிழப்பு. வரிபாக்கிக்காக அரசு தன் சொத்தின் மேல் போட்ட பற்றுரிமைகளை யு-4இல் மறைத்தவருக்கு இப்படித்தான் ஆனது. 2012இல் நியூயார்க்கில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதில் கைரேகை எஃப்பிஐக்கு வேறு போகிறது. மறைத்து ஒரு லாபமும் இல்லை.

ஃபின்ரா சம்மதித்தாலும் கோப்பு எஸ்இசிக்கு (பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம்) போக வேண்டும். அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் அவருக்கு மேசை போடலாம். ஃபின்ரா மறுத்தால் எஸ்இசியிடம் மேல்முறையீடு செய்யலாம். மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் என்னைக் கேட்டால், அவசரமில்லை என்றால் 2028 மார்ச் வரை பொறுத்திருப்பது மலிவு. அப்போது எம்சி-400 தேவைப்படாது. யு-4இல் உண்மையை எழுதினால் போதும், மாநிலப் பதிவு அதிகாரி கேள்வி கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாது, இப்போதே வேண்டும் என்றால், படிவத்தைத் திறப்பதற்கு முன் கண்காணிப்பாளராகப் போட நினைப்பவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: தினமும் இவ்வளவு நேரம் இதற்கென்று ஒதுக்க முடியுமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பெயரில் கையெழுத்துப் போடுவீர்களா என்று. முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.