ஹூஸ்டன் ஆபீஸ் வாடகை: பத்திரத்தில் 5,000 சதுர அடி, அளந்தால் 4,300, போமாவில் புகார் கொடுக்கலாமா?

கொடுத்துப் பயனில்லை. போமா (BOMA) என்பது கட்டட உரிமையாளர்கள், மேலாளர்களின் தொழில் சங்கம். தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. இந்த விஷயத்தில் அது தருவது பரப்பை அளக்கும் முறை மட்டும். 1915-லிருந்து வெளியிட்டு வருகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அதன் பெயர் இருந்தால்தான் உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்.

700 சதுர அடி வித்தியாசம் பெரும்பாலும் திருட்டு அல்ல. லாபி, பொது நடைபாதை, கழிப்பறை இவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்துத்தான் வாடகைப் பரப்பு. 5,000-ஐ 4,300-ஆல் வகுத்தால் 1.16, லோட் ஃபேக்டர் என்பது இதுதான்.

முதலில் உங்கள் அளவைச் சரிபாருங்கள். டேப்பைச் சுவருக்குச் சுவர் பிடித்திருந்தால் குறைவாகத்தான் வரும். பக்கத்து ஆபீஸோடு பொதுவான சுவரை அதன் நடுக்கோடு வரை எடுக்க வேண்டும். உள்ளே நிற்கும் தூண்களைக் கழிக்கக் கூடாது. இந்த இரண்டு தவறும் எளிதில் நடக்கும்.

பிறகு உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: போமா அளவு முறையின் எந்த ஆண்டுப் பதிப்பு, லோட் ஃபேக்டர் எவ்வளவு, அளந்தவரின் கணக்குத்தாள் எங்கே? 1996, 2010, 2017 பதிப்புகள் ஒரே தளத்துக்கு வெவ்வேறு எண் தரும். பராமரிப்புச் செலவில் உங்கள் பங்கும் பெரும்பாலும் இதே பரப்பை வைத்துத்தான் கணக்கிடப்படும், அதனால் விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: “இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பரப்பு, மறுபடி அளக்கப்படாது” என்ற வரி இருந்தால் இந்த ஒப்பந்தக் காலத்தில் வாடகையைக் குறைப்பது கடினம். அப்படியானால் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டு, புதுப்பிக்கும்போது பேசுங்கள்.