சளிக்கு முன்கூட்டியே ஆண்டிபயாடிக் போடலாமா?

கேள்வி: குளிர்காலம் தொடங்கினாலே எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி பிடிக்கிறது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். மாமியாருக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. போன வருடம் வாங்கிய ஆண்டிபயாடிக்கில் பாதி அட்டை மீதி இருக்கிறது. இந்த முறை தொண்டை கரகரத்ததுமே அதை ஆரம்பித்துவிட்டால் முளையிலேயே கிள்ளிவிடலாம் அல்லவா? எதிர்ப்புச் சக்திக்குப் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். அந்தப் பாதி அட்டையை யாருக்கும் கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஆண்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. சளி வைரஸால் வருவது. 200க்கும் அதிகமான வைரஸ்கள் சளியைத் தரக்கூடும், அவற்றில் ரைனோவைரஸ்தான் முதலிடம். இவற்றில் ஒன்றைக்கூட ஆண்டிபயாடிக் தொடாது. அது போய்த் தாக்குவது குடலில் உங்களுக்கு உதவியாக இருக்கும் பாக்டீரியாவை. அதனால்தான் சிலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா அந்த மருந்துக்கு அடங்காததாக மாறி, நாளைக்கு உண்மையிலேயே நிமோனியா வரும்போது மருந்து கைவிட்டுவிடும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்துவிட்டார்.

போன வருடம் அந்த மாத்திரையில் சளி குணமானதே என்பீர்கள். சளி 7 முதல் 10 நாளில் தானாகவே போகும். நான்காம் நாள் பொறுமையிழந்து மாத்திரையைத் தொடங்குகிறோம், ஏழாம் நாள் சரியாகிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆண்டிபயாடிக் வேண்டும் என்பதும் தவறு. வைரஸோடு சண்டையிட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது.

இதில் மருத்துவர்களான எங்கள் தரப்பின் குற்றமும் இருக்கிறது. மேலே சொன்னதை ஒரு நோயாளிக்கு விளக்கப் பத்து நிமிடம் வேண்டும், ஆண்டிபயாடிக் எழுதிக்கொடுக்க அரை நிமிடம் போதும். வெளியே வரிசை நீளும்போது பல மருத்துவர்கள் அரை நிமிட வழியை எடுக்கிறார்கள். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருந்தும், கவுண்டரில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வருகிறது.

பவுடர் விஷயம் சுருக்கமானது. மூக்கு ஒழுகுவது, தும்முவது, தொண்டை வீங்குவது எல்லாம் பெரும்பாலும் உங்கள் எதிர்ப்புச் சக்தி செய்யும் வேலைதான். அதை ஒரு டப்பாவால் ஏற்றிவிட முடியாது. விட்டமின் சி பற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தினமும் சாப்பிட்டு வந்தாலும் சாதாரண மனிதருக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போனது, அதாவது ஒரு வாரச் சளியில் அரை நாள் மிச்சம். சளி பிடித்த பிறகு தொடங்கினால் அதுவும் உறுதியில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டிபயாடிக்கைவிட இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது: சளி மாத்திரை என்ற பெயரில் விற்கும் கூட்டு மாத்திரைகள். அடுத்த முறை அட்டையைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பாராசிட்டமால் 500 மில்லிகிராம், மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் பினைல்எப்ரின் 10 மில்லிகிராம், கூடவே தூக்கம் வரவழைக்கும் ஒரு அலர்ஜி மருந்து என்று பெரும்பாலும் இருக்கும். இதை ஒரு நாளில் மூன்று வேளை போடுகிறார் ஒருவர். காய்ச்சல் அடிக்கிறதே என்று தனியாக 650 மில்லிகிராம் பாராசிட்டமாலும் நான்கு வேளை. கூட்டினால் 4,100 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4,000. மெலிந்தவர்களுக்கும், குடிப்பழக்கம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இரண்டு அட்டைக்கும் இரண்டு பெயர் என்பதால் உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று தெரிவதில்லை. கல்லீரல் பாதிக்கும்போது முதல் நாள் பெரிதாக அறிகுறிகூட இருக்காது.

அந்தப் பினைல்எப்ரினை வாய்வழி எடுத்தால் மூக்கடைப்புக்குப் பயன் இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொன்னது. இருந்தும் அட்டைகள் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. காய்ச்சலோ உடம்புவலியோ இருந்தால் பாராசிட்டமால் மட்டும் தனியாக வாங்குங்கள். மூக்குக்கு உப்புநீர் சொட்டு மருந்து போதும். அடைப்பை உடனே திறக்கும் ஸ்பிரேயைத் தொடர்ந்து போட்டால் அடைப்பு திரும்பத் திரும்ப வரும், மூன்று நாளோடு நிறுத்துங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கடையில் கேட்டு இருமல், சளி சிரப் வாங்கவே வேண்டாம்.

சரி, வராமல் தடுக்க என்னதான் செய்வது? கை, காற்று, தூக்கம்.

ரைனோவைரஸ் விரல் நுனியில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த விரல் கண்ணையோ மூக்கையோ தொட்டால் உள்ளே போய்விடும். வெளியிலிருந்து வந்ததும் 20 விநாடி சோப்பு போட்டுக் கழுவுங்கள். பெரும்பாலோர் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு, கட்டைவிரலையும் நகக்கண்ணையும் விட்டுவிடுகிறார்கள். சானிடைசர் இந்த வைரஸிடம் சோப்பு அளவுக்கு எடுபடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. குளிருகிறது என்று எல்லா ஜன்னலையும் நாள் முழுக்க அடைத்து வைத்தால் ஒருவர் மூச்சில் விட்டதை மற்றவர் இழுக்க வேண்டியதுதான். அவ்வப்போது திறந்துவிடுங்கள். தூக்கத்தை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுக் கவனித்தார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி வந்த வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு.

பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி வருவது இயல்பு. உடம்பு பலவீனம் என்று பயப்படாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் அதிகம் தொற்றும், அந்த நாட்களில் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகளும், சளிக்கெல்லாம் லீவா என்று கேட்கும் அலுவலகங்களும் இருக்கும்வரை பெற்றோர் எப்படி வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

கடைசியாக உங்கள் மாமியார். அவரை மற்றவர்களோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அவருக்கு ஆபத்து சாதாரணச் சளியைவிட இன்ஃபுளுயன்சா என்ற ஃபுளூவில் இருக்கிறது. சளி மெல்ல ஆரம்பிக்கும். ஃபுளூ திடீரென்று காய்ச்சல், உடம்புவலி, எழ முடியாத அசதி என்று வந்து விழும். ஆனால் வயதானவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் ஏறாமலே போகலாம். சாப்பாடு வேண்டாம் என்பது, குழப்பமாகப் பேசுவது, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது இவையே அறிகுறியாக இருக்கலாம். ஃபுளூவுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அதனால் இரண்டு நாள் பார்ப்போம் என்ற பேச்சே அவர் விஷயத்தில் கூடாது.

குளிர்காலம் தொடங்கும் முன்பே அவருக்கு ஃபுளூ தடுப்பூசி போடுங்கள். பலன் தர இரண்டு வாரம் ஆகும், வருடா வருடம் போட வேண்டும். ஊசி போட்டும் சளி வந்ததே என்று யாராவது சொன்னால், அது சளிக்கான ஊசியே இல்லை என்று சொல்லுங்கள். நிமோனியா தடுப்பூசி பற்றியும் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். கொஞ்சம் தேறி வந்தவருக்கு மறுபடி காய்ச்சல் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஃபுளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா வரக்கூடும். அப்போது ஆண்டிபயாடிக் அவசியம்தான். எது, எத்தனை நாள் என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும்.