செம்பும் கடோலினியமும் ஒரே மூலக்கூற்றில் இருந்தால், ஒன்றின் காந்தத்தன்மை மற்றதைப் பாதிக்குமா?

கேள்வியில் நீங்கள் எழுப்பும் சந்தேகம் நியாயமானது. கடோலினியம் போன்ற அருமண் உலோகங்களுக்குக் காந்தத்தன்மை தரும் 4எஃப் எலக்ட்ரான்கள் 5எஸ், 5பி கூடுகளுக்கு உள்ளே ஒதுங்கியிருக்கின்றன. அக்கம்பக்க அணுக்களோடு அவற்றுக்கு நேரடித் தொடர்பு மிகக் குறைவு. ஆனாலும் பாதிப்பு இருக்கிறது, அளவில் சிறியது என்றாலும். இத்துறையில் ஆய்வு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் சிறிய தொடர்பை அளந்து பிடிப்பதில்தான் முழுச் சுவாரசியமும் இருக்கிறது.

இரண்டு செம்பு அயனிகளும் ஒரு கடோலினியமும் கொண்ட மூலக்கூற்றை 1985இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் வேதியியலாளர் கத்தெஸ்கியின் குழு அளந்தபோது, செம்பின் ஸ்பின்னும் (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தம்போல ஆக்கும் பண்பு) கடோலினியத்தின் ஸ்பின்னும் ஒரே திசையில் நிற்பது தெரிந்தது. செம்பு அசிடேட்டில் இரண்டு செம்புகள் எதிரெதிராக நிற்கும் என்று படித்தவர்களுக்கு இது வியப்பாகத்தான் இருந்திருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு செம்பு, ஒரு கடோலினியம் உள்ள எளிய மூலக்கூற்றையே எடுத்துக்கொள்வோம். ஆர்த்தோ வனிலினையும் ஒரு டையமீனையும் சேர்த்தால் கிடைக்கும் ஈனிக்கு (உலோக அயனியைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) இரண்டு அறைகள் உண்டு. நைட்ரஜன்கள் உள்ள உள் அறையில் செம்பு உட்காரும், ஆக்சிஜன்கள் மட்டும் உள்ள வெளி அறையில் கடோலினியம். நடுவே இரண்டு ஆக்சிஜன்கள் பாலம். இதன் காந்த ஏற்புத்திறனை, அதாவது வெளிக் காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அளந்து வெப்பநிலையால் பெருக்குங்கள். அறை வெப்பநிலையில் 8.25 வரும் (கன செ.மீ. கெல்வின்/மோல் அலகில்): கடோலினியத்தின் 7.875, செம்பின் 0.375, இரண்டையும் சும்மா கூட்டிய தொகை. அந்தச் சூட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குளிர்விக்கக் குளிர்விக்க எண் 10ஐ நோக்கி ஏறினால் ஸ்பின்கள் ஒரே திசையில் இணைந்து மொத்த ஸ்பின் 4 ஆகிவிட்டது. 6ஐ நோக்கி இறங்கினால் எதிர்த்திசை, மொத்த ஸ்பின் 3. செம்பு-கடோலினியத்தில் பெரும்பாலும் ஏறும். அந்த வளைவு மேலெழுவதைத் திரையில் பார்ப்பது இன்றும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இந்த இரு நிலைகளுக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி, வெப்பநிலைக் கணக்கில் சொன்னால், இணைப்பு நன்றாக அமைந்த சேர்மங்களிலும் 30, 40 கெல்வின் அளவுதான். செம்பு அசிடேட்டில் அது 400 கெல்வினைத் தாண்டும்.

ஏன் ஒரே திசை? பலரும் ஏற்கும் விளக்கத்தில் நடுவராக வருவது 4எஃப் அல்ல, கடோலினியத்தின் காலியான 5டி கூடு. செம்பின் எலக்ட்ரான் கண நேரம் அங்கே எட்டிப்பார்க்கிறது. ஒரே அணுவில் தனித்திருக்கும் எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் ஒரே திசையை விரும்பும் என்ற ஹுண்ட் விதிப்படி அங்கிருக்கும் ஏழு 4எஃப் எலக்ட்ரான்களுக்கு இணையாக நின்றாக வேண்டும். ஆக்சிஜன் பாலம் தட்டையாக இருந்தால் இணைப்பு வலுக்கும், மடங்கினால் குறையும்.

கடோலினியத்தில் எல்லாம் சுலபம், ஏனென்றால் அதற்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் கிடையாது. அது உள்ள இன்னொரு அருமண் உலோகமான டிஸ்ப்ரோசியத்துக்கு வந்தால் நிலைமை வேறு. பக்கத்தில் செம்பே இல்லாவிட்டாலும் குளிரில் அந்த எண் தானாகவே இறங்கும். அதைப் பார்த்து 'எதிர்த்திசை இணைப்பு' என்று எழுதிவிடக் கூடாது. செம்பின் இடத்தில் காந்தமில்லாத துத்தநாகத்தை வைத்து அதே மூலக்கூற்றை இன்னொரு முறை செய்து, அந்த அளவைக் கழித்துப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்த முடிவுகளை நான் நம்பமாட்டேன்.

சரி, இவ்வளவு சிறிய இணைப்பால் என்ன பயன்? 2004இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் இரண்டு செம்பும் இரண்டு டெர்பியமும் (இதுவும் அருமண் உலோகம்தான்) மாறிமாறி அமைந்த வளையம் ஒற்றை மூலக்கூற்றுக் காந்தமாக, அதாவது தனி மூலக்கூறே தன் காந்தத் திசையைப் பிடித்து வைத்திருக்கும் காந்தமாக, செயல்பட்டது. அதைவிட என்னை அதிகம் ஈர்த்தது 2013இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் குழு காட்டியது. டிஸ்ப்ரோசியத்துடன் காந்தமில்லாத கோபால்ட் (உலோகமாகக் காந்தம்தான், இந்த அயனி வடிவில் இல்லை) இருந்தபோது, காந்தத் திசை ஆற்றல் தடையை ஏறிக் கடக்காமல் துளைத்துச் செல்லும் குவாண்டம் ஊடுருவலால் சட்டென்று புரண்டுவிடும். கோபால்ட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் காந்தமுள்ள குரோமியத்தை வைத்தார்கள். ஊடுருவல் அடங்கியது, மூலக்கூறு தன் திசையை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டது.